முதல் முடி

தொப்பி பத்தாமல் போனதைப் பார்த்துப் பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் கம்பளித் தொப்பி. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு யாரோ சீனப் பெண்கள் பின்னிக் கொடுத்தது. முதன்முதலாகப் போட்டபோது மூக்கு வரை இறங்கி, குழந்தையின் முகத்தையே விழுங்கிவிடும். நர்ஸ்தான் விளிம்பை மடித்து விடுவார். இன்று, துவைத்துக் காயவைத்த தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளை வழியாக உள்ளே கொண்டுபோய் மாட்டப் பார்த்தாள். அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. மெல்ல இழுத்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

வளர்ந்துவிட்டான்!

இதைச் சொல்ல யாராவது வேண்டும் போலிருந்தது. பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா இன்னும் வரவில்லை. வந்தாலும் பிரேமலா தானாகப் போய்ப் பேசிவிடப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேள்வி கேட்டாலே எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். அதனாலேயே பாதியில் நின்று தெப்ராவில் கையுறை அடுக்கும் வேலைக்குப் போனவள். வார்டுக்குள் கைப்பேசி கூடாது. தாழ்வாரத்துக்கு வந்து, ரூபேந்திரனுக்குத் தேநீர் ஓய்வு விடும் நேரம் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு கூப்பிட்டாள்.

"என்னங்க, தம்பிக்குத் தொப்பி பத்தல."

"என்னது?"

"தொப்பிங்க. தலைக்குள்ள போக மாட்டேங்குது. பெருசாயிட்டான்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டது இங்கே வரைக்கும் கேட்டது.

"அப்பன் மண்டை லா அது. பின்ன சின்னதாவா இருக்கும்?" பிறகு பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தேநீர் விருந்து அறிவித்தான். "டேய், இன்னைக்கு எல்லாருக்கும் தே தாரே என் செலவு!"

"எதுக்குன்னு கேட்டா என்னங்க சொல்வீங்க?"

"சும்மான்னு சொல்வேன். முப்பது கழியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

அதுதான் அவர்கள் பேசி வைத்திருந்தது. குழந்தை மாதம் நிறைந்து பிறந்து நல்லபடியாக இருந்தாலே முப்பது நாள் தீட்டுக் கழித்துத்தான் ஊரைக் கூப்பிடுவார்கள். இவனோ ஏழாம் மாதம் முடிவதற்குள் அவசரப்பட்டு வந்தவன். ஒரு கையில் அடங்கிவிடுகிற உடம்பு. ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. பெக்கோக்கில் அண்ணன் வீட்டில் இருக்கிற அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அம்மா இருந்திருந்தால் மறைக்க முடிந்திருக்காது, அம்மா இல்லை. கையுறைத் தொழிற்சாலைத் தோழிகள் அவள் இன்னும் வயிற்றோடு இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள். போன வாரம் மெலிசா, மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், வேண்டுமா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். வேண்டும் என்று பதில் போட்டுவிட்டுப் பிரேமலா அம்மாக்கள் அறைக்குப் போய்ப் பால் எடுக்க உட்கார்ந்தாள். பிள்ளை பெற்றதற்கு யாரும் அவளை இன்னும் ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை.

அன்று வேலையில் இருந்த நர்ஸ் வினிஃப்ரெட் மிஸி. தலை நரைத்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். வார்டிலேயே தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் வராத நாள்களில் பிரேமலாவின் வாயிலிருந்து பத்து வார்த்தைகூட வராது.

"மிஸி, வேற பெரிய தொப்பி இருக்குங்களா? இது பத்த மாட்டேங்குது."

வினிஃப்ரெட் மருந்து ஏற்றும் ஊசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தினார்.

"எது பத்தல?"

"இந்தத் தொப்பிதான். போன வாரம்கூட லூசா இருந்திச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து காகித நாடாவை எடுத்து, துளைக்குள் கைவிட்டுக் குழந்தையின் புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்தார். நாடாவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு உச்சிக்குழியின் மேல் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"எடை ஏறியிருக்கா மிஸி?"

"எடை அப்படியேதான் இருக்கும்மா," என்றார் வினிஃப்ரெட். "நீ கொஞ்சம் அந்த நாற்காலில உக்காரு."

டாக்டர் வந்தார். அவர் இளம் மலாய்ப் பெண். தூக்கமில்லாத கண்கள். சக்கரம் வைத்த ஸ்கேன் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, பசை தடவிய கருவியைக் குழந்தையின் உச்சிக்குழியில் வைத்தார். திரையில் மழைக்கால வானம் மாதிரி சாம்பல் நிறம் ஓடியது.

பிரேமலாவுக்கு அந்தப் படம் புதிதல்ல. பிறந்த மூன்றாம் நாள் பார்த்தாள். மூளைக்கு நடுவே நீர் ஓடுகிற இரண்டு அறைகள் இருக்கின்றன, அதையொட்டிய ரத்தக் குழாய்கள் குறைமாதக் குழந்தைக்குச் சிலந்தி நூலைவிட மெலிதாக இருக்கும், லேசாக ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலே கசிந்துவிடும், இவனுக்குக் கசிந்து அறைக்குள்ளேயே ரத்தம் இறங்கியிருக்கிறது என்று இதே டாக்டர்தான் சொன்னார். நீ எதுவும் செய்ததால் அல்ல என்றும் சொன்னார். அதை மட்டும் பிரேமலா நம்பவில்லை. ஓவர் டைம் பார்த்தது, படியேறியது, பேருந்தில் நின்றுகொண்டு வந்தது எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். அதற்கடுத்த ஸ்கேனில், புதிதாக ரத்தம் கசியவில்லை என்று சொன்னார்கள். அன்று திரையில் இரண்டு கறுப்புப் பிறைகள் மெலிதாகத் தெரிந்தன.

இன்று அவை பிறைகளாக இல்லை. இரண்டும் ஊதிப் பருத்து, சுற்றியிருந்த சாம்பலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தன.

டாக்டர் மலாயில் சொன்னார். பிரேமலாவுக்குப் புரிந்தது. ஆனாலும் வினிஃப்ரெட் தமிழில் மறுபடி சொன்னபோது, வேறு ஏதாவதாக மாறியிருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மாறவில்லை. உறைந்த ரத்தம் நீர் வடிகிற வழியை அடைத்துவிட்டது. தேங்கிய நீர் மூளையை நெருக்குகிறது. தலை பெரிதாகிக்கொண்டு வருவது அதனால்தான். நாளைக் காலை மண்டைத் தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னக் குமிழ் வைத்துவிட்டால், ஊசி போட்டு நீரை அவ்வப்போது எடுத்துவிடலாம்.

"முன்பக்கம் கொஞ்சம் முடி எடுக்க வேண்டியிருக்கும்," என்று டாக்டர் சொன்னபோது வினிஃப்ரெட் பிரேமலாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்த அன்று, இரவு தாண்டுமா என்று தெரியவில்லை என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, ரூபேந்திரன் நேராக முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தான். பிழைத்தால், கரும்புத் தொட்டிலில் போட்டுப் பத்துமலைக்குத் தூக்கிவந்து முதல் முடியை இறக்குகிறேன். அதுவரைக்கும் அவன் தலையில் கத்தி படாது. மறுநாளே வார்டில் வந்து எல்லா நர்ஸுகளிடமும் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனான். குறைமாதக் குழந்தைக்குத் தலையில்தான் நரம்பு சுலபமாகக் கிடைக்கும், ஓரமாகக் கொஞ்சம் மழித்துவிட்டுக் குத்துவது வழக்கம் என்று வினிஃப்ரெட் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. நர்ஸுகளும் போனால் போகிறதென்று விட்டுவிட்டார்கள். ஊசியெல்லாம் கையிலும் காலிலுமே ஏறின. குழந்தையின் புறங்கைகள் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம் பாரித்துக் கிடந்தன. தலை மட்டும் கருகருவென்று முழுசாக இருந்தது.

"சனிக்கிழமை செய்யலாமா?" என்று பிரேமலா டாக்டரைக் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அன்று வியாழன்; ரூபேந்திரன் சனிக்கிழமைதான் வருவான். இன்னொரு தடவை கேட்டாள்.

"சனிக்கிழமை என்ன?"

வேண்டுதலை மலாயில் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வினிஃப்ரெட் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எங்களுக்கும் ஏழாம் நாள் முடி எடுக்கிற வழக்கம் உண்டு, எனக்குப் புரிகிறது என்றார். ஆனால் இது இரண்டு நாள் பொறுக்கிற விஷயமில்லை, அம்மா கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ ஏதாவது ஒன்று போதும், இன்று மாலைக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ரூபேந்திரன் வேலை செய்வது எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், உட்லண்ட்ஸில். கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிரேமலா மணியடிக்க விட்டுக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபிறகுதான் அவன் திருப்பிக் கூப்பிட்டான்.

"என்னம்மா, இத்தன மிஸ்டு கால்?"

"தம்பி தலையில தண்ணி சேந்துருச்சாங்க."

"என்ன தண்ணி? காலையில பெருசாயிட்டான்னு சொன்ன?"

"அது வளத்தி இல்லைங்க. தண்ணி."

தட்டுகள் மோதும் சத்தமும் யாரோ சீனத்தில் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். கையெழுத்துக் கேக்கறாங்க. முன்பக்கம் கொஞ்சம் முடி எடுப்பாங்களாம்."

"முடியா? வேணாம்னு சொல்லியிருக்கேன்ல? வேற பக்கம் வைக்கச் சொல்லு."

"எல்லாப் பக்கமும் முடிதாங்க இருக்கு."

"பிரேமா, விளையாடாத."

"நான் விளையாடலைங்க."

"சனிக்கிழமை வர்றேன். நானே டாக்டர்கிட்ட பேசுறேன். ரெண்டு நாள்தானே?"

"ரெண்டு நாள் தாங்காதுன்னு சொல்றாங்க. லீவு போட்டுட்டு இன்னைக்கே வர முடியாதா?"

"எத்தன லீவுதான் கேக்கறது? போன தடவையே சூப்பர்வைசர் வேலை பெர்மிட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டான்." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கும் டாக்டருங்கதானே ராத்திரி தாண்டாதுன்னாங்க? தாண்டினானா இல்லியா? அப்புறம் ரத்தம் நின்னுச்சா இல்லியா? அது யாரு செஞ்சா? அவரு கிட்ட கேட்டு வாங்கின புள்ள அவன். குடுக்கறேன்னு சொன்னத நாமளே எடுத்துட்டா, அவரு எடுத்துக்கிட்டாருன்னா?"

அவன் அழுகிறானோ என்று பிரேமலாவுக்குச் சந்தேகம் வந்தது. அவனை ஆறுதல்படுத்தத்தான் முதலில் வாயெடுத்தாள். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நீ போடறதா இருந்தா போட்டுக்க. ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காத."

அழைப்பு நின்றது. ஓய்வு முடிந்திருக்கும். அல்லது அவனே துண்டித்திருப்பான். எதுவென்று பிரேமலாவுக்குத் தெரியாது, பிறகும் அவள் கேட்கவில்லை.

அம்மாக்கள் அறையில் ஒரு மலாய்க்காரக் குடும்பம் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற பெண்ணைச் சுற்றி அம்மா, மாமியார், தங்கை. வறுத்த மீன் வாசம். மாமியார்க்காரி ஒரு தட்டை நீட்டி, உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பிரேமலா பால் எடுக்கும் இயந்திரத்துக்கு அருகில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பால் வரவில்லை. அரைமணி நேரம் உறிஞ்சியும் குப்பியின் அடி நனையவில்லை.

திரும்பி வார்டுக்குப் போனபோது வினிஃப்ரெட் குழந்தைக்குக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரேமலா பல்லைக் கடித்துக்கொண்டாள். குழந்தை முகத்தைக்கூடச் சுருக்கவில்லை. காலை இழுத்துக்கொள்ளவில்லை. கருவிழிகள் இரண்டும் கீழிமைக்குள் பாதி மூழ்கினாற்போலக் கீழ்நோக்கியே நின்றன. மூச்சை மறந்துவிட்டதுபோல மார்பு நின்றது. இயந்திரம் கத்தியது. வினிஃப்ரெட் குழந்தையின் முதுகைத் தேய்த்தார். மார்பு மறுபடி ஏறியது.

"நேத்திலருந்து அழவே இல்ல," என்றாள் பிரேமலா. "நல்ல புள்ளையா இருக்கான்னு நினைச்சேன்."

"கையக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தவளின் விரலைப் பிடித்து வினிஃப்ரெட் உச்சிக்குழியின் மேல் வைத்தார். அங்கே மெத்தென்று துடிக்கும் என்று பிரேமலாவுக்குத் தெரியும். இந்த மூன்று வாரத்தில் அவளைத் தொட அனுமதித்த இடங்களில் அதுவும் ஒன்று. இப்போது அது காற்றடைத்த சைக்கிள் டயர் மாதிரி விறைத்து மேலே புடைத்திருந்தது. கறுத்த மெல்லிய முடி விரல் நுனியில் பட்டது.

"மிஸி, நீங்களா இருந்தா போடுவீங்களா?"

"நானா இருந்தான்னு கேக்காத. எனக்குப் புள்ள குட்டி இல்ல."

"சாமிக்குச் சொன்னது மிஸி."

"எங்கள்லயும் உண்டு. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டு எங்கண்ணன் மகனுக்கு முடி வளத்தோம். பிளைட்டுக்குப் பணம் சேக்கறதுக்குள்ள அவனுக்குப் பேன் வந்துருச்சு. அண்ணி ஒரே நாள்ல ஒட்ட வெட்டி விட்டுட்டாங்க. மாதா ஒண்ணும் கேக்கல." வினிஃப்ரெட் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிரேமலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இது பேன் இல்ல. எனக்குத் தெரியும். நீ யோசி. நான் முடிவு சொல்ல மாட்டேன்."

பிரேமலா யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். யோசிப்பதற்கு ஒன்றுமில்லாமல் எல்லாம் தெளிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. போடாவிட்டால் குழந்தைக்கு என்ன ஆனாலும் அது சாமி செய்தது, டாக்டர் செய்தது, விதி செய்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். போட்டால், நல்லதோ கெட்டதோ, அது பிரேமலா செய்தது. அவன் பெரியவனாகி நடக்காமல் போனாலும் பார்வை இல்லாமல் போனாலும், வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், முடியைத் தொட்டவள் இவள்தான் என்று சாப்பாட்டு மேசையில் அது உட்கார்ந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து அவள் ஒரு முடிவையும் தனியாக எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதுகூட அப்பா சரி என்ற பிறகுதான்.

விரலை எடுக்காமலே கேட்டாள். "எங்க மிஸி கையெழுத்துப் போடணும்?"

மறுநாள் காலை அறுவை அறைக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆளுயரப் பெட்டிக்குள் அவன் எங்கே இருக்கிறான் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. லிப்ட் கதவு மூடும்வரை கூட நடந்தாள். முடியைத் தூக்கிப் போடாமல் ஒரு சிறு டப்பாவில் வாங்கி வருகிறேன் என்று வினிஃப்ரெட் சொல்லியிருந்தார்.

கதவுக்கு வெளியே நீல நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. பிரேமலா எதில் உட்காருவது என்று நின்று, கடைசியில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரூபேந்திரனுக்குப் 'போட்டுட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்று நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. கைப்பேசியில் மெலிசாவின் செய்தி வேறு கிடந்தது. ஊறுகாய் ரெடி, எப்போது வீட்டுக்கு வரட்டும்? அதற்கு என்ன பதில் போடுவதென்று தெரியாமல் பிரேமலா எழுத்துகளைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில் இப்படி அனுப்பினாள்: 'எனக்குப் புள்ள பொறந்துருச்சு மெலிசா. ஆப்பரேஷன்ல இருக்கான்.' அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். யாரோ மணியடித்தார்கள். எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அது அடித்துக்கொண்டே இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

வினிஃப்ரெட் வெறுங்கையோடு வந்தார்.

"நல்லபடியா வச்சுட்டாங்கம்மா. தண்ணியும் எடுத்தாச்சு." பிறகு தயங்கினார். "முடியத்தான்... நான் கேக்கறதுக்குள்ள கிளீன் பண்ணிட்டாங்களாம். குப்பையோட போயிருச்சு."

"பரவால்ல மிஸி," என்றாள் பிரேமலா. சொன்ன பிறகுதான், தனக்கு உண்மையிலேயே அதில் வருத்தம் இல்லை என்பது தெரிந்து கூசிப் போனாள்.

சனிக்கிழமை ரூபேந்திரன் வந்தான். பாலத்தில் வரிசை நின்று, வெயிலில் வெந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தான். கையைக் கழுவினான். பெட்டிக்கு எதிரே நின்றான். குழந்தையின் முன்நெற்றிக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிச் செப்புக்காசு அளவுக்கு மேல் மழித்திருந்தார்கள். நடுவில் சின்னதாக ஒரு மேடு. ஆப்பரேஷனுக்குப் போட்ட மூச்சுக்குழாயை நேற்றே எடுத்திருந்ததால் முகம் முழுசாகத் தெரிந்தது.

"வலிச்சிருக்குமா?" என்றான்.

"மயக்க மருந்து குடுத்தாங்க. எந்திரிச்சதும் அழுதான்."

"அழுதானா?"

"ம். நல்லா அழுதான். தொண்டை கட்டின மாதிரி."

"நான் அவன் அழுது கேட்டதே இல்ல," என்றான் ரூபேந்திரன்.

உண்மைதான். அவன் வருகிற நேரங்களில் குழந்தை வாயில் குழாயோடு இருக்கும், இல்லாவிட்டால் தூங்கும். டாக்டர் வந்து அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னார். நீர் வடிகிறது. உச்சிக்குழி தளர்ந்திருக்கிறது. இனிமேல் எப்படி வளர்வான், நடப்பானா, படிப்பானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பின்னாளில் வயிறு வரைக்கும் ஒரு குழாய் வைக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

டாக்டர் போனபின், "முடி எங்க?" என்றான்.

"குப்பையில போட்டுட்டாங்க."

அவன் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேமலா காத்திருந்தாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"மிச்சம் இருக்குல்ல," என்றான் கடைசியில். "இவ்ளோ இருக்கு பாரு. அத இறக்கிக்கலாம். முருகன் என்ன எண்ணியா பாக்கப் போறாரு?"

அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. பிரேமலாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவன் தோள் மேல் சாய்ந்துகூட இருக்கலாம். ஆனால் அந்த நீல நாற்காலி வரிசை கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த வார்த்தையை வியாழக்கிழமை சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவன் முகம் அடி வாங்கின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அதற்கு மேல் அவனை எங்கே தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

குழந்தையின் அழுகையைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று ரூபேந்திரன் நின்றான். பார்வை நேரம் முடியும்வரை நின்றான். வினிஃப்ரெட் வந்து, "என்னங்க ரூபேந்திரன், கச்சேரிக்கு டிக்கெட் வாங்கின மாதிரி நிக்கிறீங்க," என்று சீண்டினார். அவன் சிரித்தான். குழந்தை நன்றாகத் தூங்கியது. கடைசியில் அவன் துளைக்குள் கைவிட்டு, நீலம் பாரித்த சின்னக் கையை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, ஞாயிறு ஓவர் டைம் இருக்கிறது, தூங்கினால்தான் எழுந்திருக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கீழே இறங்கி வண்டியை எடுத்திருப்பான். அப்போது குழந்தை நெளிந்தது. முகம் சிவந்து சுருங்கியது. வாய் கோணியது. பிறகு உடைந்த புல்லாங்குழல் மாதிரி, பெரியவர்களின் இருமலைவிடச் சின்னதாக, ஆனால் நிற்காமல் அழ ஆரம்பித்தது.

பிரேமலா தாழ்வாரத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கூப்பிடலாம். ஹெல்மெட்டுக்குள் அவனுக்குக் கேட்காது. அவள் கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்து, துளையின் கதவைத் திறந்து, முகத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அப்பா இப்பத்தாண்டா போனாரு," என்றாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் கதவை மூடாமல், அழுகை நிற்கும்வரை அங்கேயே நின்று கேட்டாள்.